பெரியம்மா வீட்டுப் போத்தல்

குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நின்றபோது, எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் என் துணிப்பைக்கு வெளியே தலைநீட்டிய போத்தல் கழுத்தைக் கண்டுவிட்டார்.

"அம்மாளிட்டப் போகேக்கை உதென்ன தம்பி கையிலை?"

"நல்லெண்ணெய் ஐயா. விளக்குக்கு."

நம்பினதாகத் தெரியவில்லை. வெளியே எடுத்துக் காட்டினேன். கடும்பச்சைக் கண்ணாடி, நிமிர்ந்த தோள், நீண்ட கழுத்து, வாயில் தக்கைக்குப் பதிலாக இறுக்கிச் சுருட்டிய பத்திரிகைத் துண்டு. லேபிள் போய் வருடங்களாகிவிட்டன. அது இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் சதுரமாக மங்கித் தெரிந்தது. கடதாசியைக் கழற்றி மணந்து பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. "வடிவான போத்தல்" என்று திருப்பித் தந்தார்.

போத்தலுக்கு எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் படகு நயினாதீவைத் தொடும் இருபது நிமிடத்துக்குள் நான் சொல்லி முடித்திருக்க மாட்டேன்.

பிரான்ஸின் தென்மேற்கில் போர்தோ நகரம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கே மாறி, சின்ன ரயிலில் கிழக்கே அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஓடினால் சாந்தெமிலியோன். 2018 செப்டெம்பரில் அத்தானோடு அங்கே போனேன். அத்தான் என் பெரியம்மாவின் மருமகன். பாரிஸில் ஒரு றெஸ்ரோறன்ட் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, சமையலுக்கு உயர்ந்து, இருபத்தைந்து வருடமாக அடுப்படியில் நிற்பவர். அங்கே லா சப்பல் கடைத்தெருவில் எங்கள் ஊர்ப் புங்குடுதீவுக்காரரைத் தடக்காமல் நடக்க முடியாது. அவர்களில் பலருடைய கதையும் இதே கதைதான். அத்தான் வைன் குடிப்பது நத்தாருக்கு ஒரு கிளாஸ். ஆனால் ஆட்டிறைச்சிக்கு எது, மீனுக்கு எது, எந்த ஆண்டு நல்ல ஆண்டு என்பதெல்லாம் தண்ணிபட்ட பாடு. பிறத்தியாரின் மேசைக்கு அனுப்பி அனுப்பியே படித்த படிப்பு.

ஸ்டேசனில் இறங்கினால் ஊர் கண்ணில் படவில்லை. திராட்சைக் கொடிதான், கண்ணுக்கெட்டிய தூரம் இடுப்பளவு உயரத்தில், கம்பியில் கட்டிய கொடி. வீதியோரமாக நடந்துகொண்டிருந்த அத்தான் திடீரென்று குந்தி, வரிசைக்கிடையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து நகத்தால் சுரண்டினார். வெள்ளை மாவாக உதிர்ந்தது.

"இஞ்சை பார், எங்கட கல்லு."

ஏறத்தாழச் சரியாகவே சொன்னார். சாந்தெமிலியோன் மேட்டுநிலம் சுண்ணாம்புக்கல். சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் கிடந்தது. கடல் நட்சத்திரங்களின் உடற்துணுக்குகள் செறிந்த கல் அது. பிரெஞ்சுக்காரர் அதற்கு நட்சத்திரமீனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் நிற்பது அதற்குச் சற்றுப் பிந்திய மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல். இரண்டும் கடல் பெற்ற பிள்ளைகள்; மூத்தது பிரான்ஸில், இளையது புங்குடுதீவில்.

வளர்ப்புத்தான் வேறு. அங்கே கல்லை நிலத்துக்கடியிலிருந்தே அறுத்தெடுத்து போர்தோ நகரத்தின் மாளிகைகளைக் கட்டினார்கள். அறுத்த இடமெல்லாம் சுரங்கமாகிப் போக, இன்று சிலர் அதற்குள் வைன் வைத்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனிப் பக்கமிருந்து வந்து குகையில் தவமிருந்த எமிலியோன் என்ற துறவியின் பெயரில் ஊர் வளர்ந்தது. பிறகு ஒரே பாறையைக் குடைந்து பெரியதொரு தேவாலயத்தை உள்ளுக்குள்ளேயே செதுக்கினார்கள். எங்கள் கல்லைச் சூளையில் சுட்டு வீட்டுக்குப் பூசினோம், வெற்றிலைக்குத் தடவினோம், 1950இல் காங்கேசன்துறையில் ஆலை வந்தபின் சீமெந்தாக்கினோம். மிச்சம் கிடந்த கல் மழைத் தண்ணீரைத் தன் பொந்துகளுக்குள் பிடித்துவைத்து, கோடை முற்றினால் அதையும் உவராக்கித் தந்தது. சாந்தெமிலியோனில் கொடிக்கு அந்தக் கல் தேவைக்கு மட்டும் தண்ணீர் கொடுக்கும் கருமி. அதனால்தான் பழம் திரள்கிறது என்கிறார்கள். புங்குடுதீவில் அந்தக் கருமித்தனத்தைத் தாங்கிக்கொண்டு வளர்ந்தது பனை.

நாங்கள் போன தோட்டம் வைன் பட்டியல்களில் வரும் தோட்டமல்ல. வாசலில் 'ஷாத்தோ' என்று பலகை. அந்தச் சொல்லுக்குக் கோட்டை, அரண்மனை என்று பொருள். உள்ளே போனால் ஒரு ஓட்டு வீடும் பின்னால் நீளக் கொட்டிலும். போர்தோவில் தன் பெயரில் வைன் போடுகிற தோட்டமெல்லாம் ஷாத்தோதான் என்று அத்தான் காதோடு சொன்னார். ஏழு ஹெக்டேயர். எங்கள் கணக்கில் 270 பரப்புக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்கார அம்மா ஐந்தாவது தலைமுறை. தன் பூட்டனார் வாங்கிய துண்டு எது, பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த துண்டு எது என்று அவர் கையைக் காட்டிச் சொல்ல, அத்தான் மொழிபெயர்க்க, நான் சிரித்துவிட்டேன். வேலணைக் கந்தோரில் நின்று உறுதி வாசிப்பதுபோல இருந்தது.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. நெப்போலியனின் 1804ஆம் ஆண்டுச் சட்டம் மூத்தவனுக்கே எல்லாம் என்ற பழைய வழக்குக்கு இடம்கொடாமல், பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு என்றது. நியாயம்தான்; ஆனால் நிலம் துண்டாடப்பட்டது. பர்கண்டிப் பக்கம் ஒரே தோட்டத்துக்குப் பத்திருபது பேர் உரித்தாளிகளாகி, ஆளுக்கு நாலு வரிசைக் கொடி வைத்திருக்கிறார்கள். போர்தோக்காரர் வேறு வழி கண்டார்கள்: நிலத்தைக் கம்பனியாக்கி, பிள்ளைகளுக்குப் பங்குகளைக் கொடுத்து, நிலத்தை முழுசாகக் காப்பாற்றிக்கொள்வது. அந்த அம்மாவுக்கும் தம்பி ஒருவர், மாமன் பிள்ளைகள் மூன்று பேர் பங்காளிகள். ஒருவர் விற்கப் புறப்பட்டால் மற்றவர்கள் வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வெளியாள் வந்துவிடுவான். வெளியாளுக்கு விற்கும்போதுகூடக் குறுக்கே வந்து முன்னுரிமை கேட்க அரசு சார்ந்த அமைப்பு ஒன்று இருக்கிறது.

எங்களுக்குத் தேசவழமை. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்து அதிகாரி எழுதி, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரியென்ற வழக்குத் தொகுப்பு. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று அது சொத்தைப் பிரித்துப் பேசும். காணியை விற்பதென்றால் பங்காளியையும் உரித்தாளியையும் முதலில் கேள் என்ற உரிமையை 1947இல் தனிச்சட்டமாகவே எழுதினார்கள். அந்த அம்மா தன் குடும்பத்து 'நொத்தேர்' என்று சொன்னபோது அத்தானுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நொத்தாரிசு இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் குடும்பச் சண்டை தீர்ந்தது? அல்லது தொடங்கியது?

பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மெர்லோ என்ற இனம் முதலில் பழுக்கும். கபெர்னே ஃப்ரான் ஒரு வாரம் பத்து நாள் பிந்தும். பறிப்பவர்கள் குனிந்த முதுகோடு வரிசைக்குள் தெரிந்தார்கள். ஸ்பானிய மொழியும் அரபும் கேட்டது. கொட்டிலின் சுவரில் ஐந்து தலைமுறையின் படமும் மாட்டியிருந்தது. பறித்தவர்களின் படம் இல்லை.

நொதித்த சாறு 225 லீற்றர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் கிடக்கிறது. பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்திப் புகையூட்டினால் வைன் பழுதாகாது என்பது பதினேழாம் நூற்றாண்டில் போர்தோ துறைமுகத்துக்கு வந்த ஒல்லாந்த வியாபாரிகள் பரப்பிய பழக்கம். போர்தோவுக்கு வடக்கே மெடோக் சதுப்பை வடித்து நிலமாக்கியதும் ஒல்லாந்தப் பொறியியலாளர்தான். அதே நூற்றாண்டில், 1658இல், அதே ஆட்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். பிடித்தவுடன் வேலை, தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைப்பது: காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. புங்குடுதீவுக்கு அவர்கள் வைத்த பெயர் மிட்டல்பர்க். உண்மையான மிட்டல்பர்க், பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வைன் இறக்கும் தனியுரிமை பெற்ற துறைமுகம். அந்த உரிமை எங்கள் மிட்டல்பர்க்கை வந்தடையவில்லை. வந்தது ஒரு போத்தல், நூற்றாண்டுகள் பிந்தி, அத்தானின் சூட்கேசில்.

பீப்பாயில் கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெண்கரு போடுவார்கள், பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. இது முக்கியமான செய்தி; பின்னால் தேவைப்படும்.

கொட்டிலின் மூலையில் நீலக்கறை பிடித்த ஒரு தொட்டி. அத்தானுக்கு அது என்னவென்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. வெற்றிலைக்கொடியும் உருளைக்கிழங்கும் வைத்த யாழ்ப்பாணத் தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரிந்த நீல மருந்து. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் பந்தல் போட்டு 'இஸ்ரேல் புளூ' திராட்சை வளர்த்தவர்களும் அதைத்தான் அடித்தார்கள். என் சின்ன வயதில் 'போர்டோ' என்றால் அது ஒரு மருந்தின் பெயர். ஊரொன்று அந்தப் பெயரில் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. கதை இதுதான்: மெடோக்கில் வீதியோரக் கொடிகளில் போகிற வருகிறவர்கள் பழம் பிடுங்கித் தின்னாமலிருக்க, துருசையும் சுண்ணாம்பையும் கரைத்து நீலமாகத் தெளித்துவைப்பார்கள், நஞ்சென்று பயப்படட்டும் என்று. 1882இல் மிலார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் அவ்வழியே போனபோது, நோய் தோட்டம் முழுக்க இலையுதிர்த்திருக்க, வீதியோர வரிசைகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டார். 1885இல் கலவையின் கணக்கை வெளியிட்டார். கள்ளனுக்குப் பூசியது கொள்ளைநோய்க்கு மருந்தானது. போர்தோ உலகத்துக்குக் கொடுத்ததில் வைனைவிட இது பெரிது என்பது என் கட்சி, அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியே வரும்போது வீட்டுக்கார அம்மா வெறும் போத்தலொன்றைக் கவிழ்த்து அதன் அடியைக் காட்டினார். உள்ளே குவிந்த குழி. நாட்பட்ட வைனில் மண்டி இறங்கும். குழியைச் சுற்றிய வளையத்தில் அது தங்கிவிடும், ஊற்றும்போது கிளாசுக்கு வராது என்றார். அத்தான் இரண்டு போத்தல் வாங்கினார், 2015ஆம் ஆண்டு விளைச்சல். ஒன்று அக்காவுடன் குடிக்க. "மற்றது மாமாவுக்கு" என்றார். மாமா என்றால் என் பெரியப்பா.

மார்கழியில் அத்தான் குடும்பம் ஊருக்கு வந்தது. கம்பளி உடுப்புக்குள் சுற்றப்பட்டு எட்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்த போத்தல், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, பிறகு 776ஆம் இலக்க பஸ்ஸில் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை என்று குலுங்கி, வாணர் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு புங்குடுதீவுக்குள் நுழைந்தது. பஸ்ஸின் கடைசித் தரிப்பு குறிகட்டுவான்; பெரியம்மா வீடு அதற்கு முன்னாலேயே வந்துவிடும். வழியெங்கும் பூட்டிய வீடுகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் தீவுகளை விட்டுச் சனம் போன போது விழுந்த பூட்டு சிலவற்றில் இன்னும் தொங்குகிறது. சிலவற்றில் பாரிஸ் காசில் புதுக் கேற்.

தக்கை திறப்பான் கொண்டுவர மறந்துவிட்டார்கள். பெரியப்பா கத்தி நுனியால் தக்கையை உள்ளே தள்ளினார். அந்தத் தக்கைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. உலகத்துத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்த்துக்கல்லில் இருந்து வருகிறது. தக்கை தரும் ஓக் மரம் இருபத்தைந்து வயதாகும்வரை முதற்பட்டையை உரிக்க விடமாட்டார்கள், பிறகு ஒன்பது வருடத்துக்கு ஒரு தடவைதான். அத்தனை பொறுமையும் ஒரு மாங்காய்க் கத்தியில் முடிந்தது. பெரியப்பா எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஒரு மிடறு வாயில் வைத்து, யோசித்தார்.

"நாவற்பழச் சாறு மாதிரிக் கிடக்கு. துவர்க்குது. என்ன விலை?"

அத்தான் பாதியாகக் குறைத்துச் சொன்னார். அந்தப் பாதியையும் ரூபாவில் பெருக்கிப் பார்த்த பெரியப்பா, மரியாதைக்காக டம்ளரை முடித்துவிட்டு, "இது தவறணை திறக்கிற நேரம்" என்று சைக்கிளை எடுத்தார்.

வைனின் பயணம் அன்றோடு முடிந்தது. போத்தலுக்கு அன்றுதான் புது உத்தியோகம் தொடங்கியது.

பெரியம்மா அதைச் சாம்பல் போட்டுக் கழுவி, மணல் போட்டுக் குலுக்கி, பழப்புளி கரைத்து ஊற்றி ஒரு நாள் வைத்து, வெயிலில் கவிழ்த்தார். கம்பியை வளைத்து, உள்ளே விழுந்திருந்த தக்கையை அரைநாள் மினக்கெட்டு வெளியே எடுத்தார். முட்டை வெண்கருச் செய்தியை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. பிறகு அவர் சமையலறையில் இருந்த பழைய சாராயப் போத்தல் ஒன்றில் தண்ணீர் நிரப்பி அதில் ஊற்றிப் பார்த்தார். கழுத்தில் சரியாக வந்து நின்றது.

"அளவு சரியாத்தான் கிடக்கு. நல்லது."

போத்தல் என்பது எங்களுக்குப் பாத்திரமல்ல, அளவு. பால் ஒரு போத்தல், மண்ணெண்ணெய் அரைப் போத்தல், சாராயம் கால் போத்தல். தமிழ்நாட்டுக்காரர் பாட்டில் என்பார்கள்; நாங்கள் ஒல்லாந்தரிடம் வாங்கினோமா போர்த்துக்கேயரிடம் வாங்கினோமா என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அளவு ஆங்கிலேயருடையது. ஒரு கலனில் ஆறிலொன்று ஒரு போத்தல், அதாவது 750 மில்லி லீற்றருக்குக் கொஞ்சம் கூட. இலங்கை மெற்றிக் முறைக்கு மாறிய பிறகு அது 750 ஆக வெட்டப்பட்டது. சாந்தெமிலியோனிலும் 750தான். காரணம் ஒன்றே என்கிறார்கள்: போர்தோவின் பெரிய வாடிக்கையாளன் இங்கிலாந்து. 1152இல் அக்கித்தேன் நாட்டு எலெனோர் இங்கிலாந்தின் வருங்கால அரசன் ஹென்றியைக் கலியாணம் செய்ததில் தொடங்கி, 1453இல் சாந்தெமிலியோனுக்குப் பக்கத்திலேயே கஸ்தியோன் சண்டையில் ஆங்கிலேயர் தோற்கும்வரை அந்த நிலமே இங்கிலாந்து முடியின் கீழ் இருந்தது. நிலம் போனது, குடிப்பழக்கம் போகவில்லை. 225 லீற்றர் பீப்பாய் ஏறக்குறைய 50 கலன். கலனுக்கு ஆறு போத்தலென்றால் பீப்பாய்க்கு 300 போத்தல். கணக்குப்பிள்ளைகளுக்கு இதைவிடச் சுகமான வாய்ப்பாடு கிடைக்காது. கடும்நிறத் தடித்த போத்தலும் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலக்கரி உலைகளில் உருவானதுதான். 1970களில் ஐரோப்பா 75 சென்ரிலீற்றரைச் சட்டமாக்கியது. ஆக, ஒரே எசமானின் அளவுகோலை ஒரு பக்கம் போர்தோ கொடியும் மறுபக்கம் புங்குடுதீவுப் பனையும் சுமந்தன.

அடுத்த தை மாசியில் பாளை வந்தபோது போத்தல் கள்ளுக்குப் போனது. பெரியம்மாவின் முதுசக் காணியில் பனை எண்பதுக்கு மேல் நின்றது. ஏறுவதற்கு ஒரு அண்ணர் வருவார், அறுபதைக் கடந்தவர். காலில் தளநார், இடுப்பில் பாளைக் கத்தி, முதுகில் முட்டி. பாளையை நாளும் தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டி கட்டுவார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது. இனிப்பான கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் காற்றிலும் முட்டியின் சுவரிலும் இருக்கிற நுண்ணுயிர் துளி விழுந்த நிமிடமே வேலையைத் தொடங்கிவிடும், இறக்கும்போதே கள்ளு. அங்கே கல்லாகக் கிடந்து, கலவையாக இலையில் நீலம் பூசிய அதே சுண்ணாம்பு, இங்கே ஒரு விரற்தடவலில் கள்ளா கருப்பணியா என்று தீர்ப்புச் சொல்கிறது. காணிக்காரருக்கென்று அந்த அண்ணர் தருவது காலையில் ஒரு போத்தல். சாந்தெமிலியோன் போத்தலில் ஊற்றிப் பார்த்து அவரும் சொன்னார்: "சரியான போத்தல். கடைக்காரன்ரை போத்தல் மாதிரிக் குழி கூட இல்லை." குழி இருந்தது, அவர் அடியைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் தடிப்பித்து, குழியையும் வைத்து, கொள்ளளவைக் குறைக்காமல் உயரத்தைக் கூட்டியிருந்தார்கள்.

வைனுக்கும் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் பழத்திலும் மரத்திலும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. வைன் ஊரை விட்டுப் போகும். போவதற்காகவே பீப்பாய், கந்தகம், தக்கை, போத்தல். அப்படிப் போகும்போது ஊரின் பெயரையும் கூடவே கொண்டுபோக வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் குடிப்பவனுக்கு அது யாரென்று தெரியாது. அதனால்தான் 1936இல் சாந்தெமிலியோன் என்ற பெயருக்கே எல்லை கீறி, அந்த எல்லைக்குள் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயரை ஒட்டலாம் என்று சட்டம் செய்தார்கள். 1855இன் பேர்போன போர்தோ பட்டியலில் தங்களுக்கு இடம் கிடைக்காத மனக்குறையை 1955இல் சொந்தப் பட்டியல் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். பத்து வருடத்துக்கொரு தடவை அதைத் திருத்துகிறார்கள், அண்மைத் திருத்தங்களில் வழக்கும் வந்தது. 2022 திருத்தத்துக்கு முன் உச்சியில் இருந்த நாலு தோட்டங்களில் மூன்று, பட்டியலே வேண்டாமென்று விலகிக்கொண்டன.

கள்ளுக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் இல்லை. காலையில் இனிப்பு, மத்தியானம் உறைப்பு, பின்னேரம் புளிப்பு, மறுநாள் வினாகிரி. மரத்தின் நிழல் விழுகிற தூரத்துக்குள் அதைக் குடித்துவிட வேண்டும். பனையோலைப் பிளாவில் குடித்து, பிளாவையும் அங்கேயே எறிந்துவிடலாம். லேபிள் எதற்கு? பெரியப்பா ஒரு மிடறிலேயே, இது கிணத்தடி மரம், இது வேலியோர மரம் என்று சொல்லுவார். சாந்தெமிலியோனில் அப்படிச் சொல்பவருக்குச் சம்பளமும் பட்டமும் உண்டு. பெரியப்பாவுக்குக் கிடைத்தது பெரியம்மாவின் ஏச்சு.

கள்ளைப் பயணம் போகவைக்க முயற்சி நடக்காமல் இல்லை. எழுபதுகளில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது, திக்கத்தில் வடிசாலை எழும்பியது. சாராயமாக வடித்தால் பயணம் போகும். போத்தலில் அடைத்துச் சூடாக்கினால் கள்ளும் போகும். லா சப்பல் கடைத் தட்டில் அப்படியொன்றை அத்தான் வாங்கிக் குடித்திருக்கிறார். "கள்ளின்ரை செத்தவீட்டுக்குப் போய் வந்த மாதிரி" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். காணி ஒருவருக்கு, மரத்தின் உயரமும் விழுந்தால் உடையும் முதுகும் இன்னொருவருக்கு என்று எங்கள் ஊர் செய்த பாகப்பிரிவினையை எந்த நொத்தாரிசும் எழுதவில்லை, சாதி எழுதியது. கள்ளைக் குடித்த எல்லாரும் அதை இறக்கியவருக்குத் தங்கள் திண்ணையில் இடம் கொடுத்தார்கள் என்று சொல்ல வராது. அந்த அண்ணரின் மகன் கொழும்பில் லொறி ஓட்டுகிறான். மரமேற மாட்டேன் என்று அவன் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தப்பட எனக்கு உரிமையும் இல்லை.

பெரியப்பா கொரோனாக் காலத்தில் போய்ச் சேர்ந்தார். அண்ணரும் முழங்கால் வலியென்று மரத்தை விட்டார். முட்டி கட்டாத பனைகள் பாளை விட்டு, காய்த்து, பழம் தானாக விழுந்து, எறும்பும் மாடும் தின்ன, மிச்சம் அந்த இடத்திலேயே முளைத்து வடலியாகிறது. காணி பெரியம்மாவின் ஐந்து பிள்ளைகளுக்கும் பிரிக்காத பங்கு: இருவர் பாரிஸ், ஒருவர் லண்டன், ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் கொழும்பு. விற்கவும் மனமில்லை, பிரிக்கவும் நேரமில்லை. முளைத்த வடலி காய்க்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உறுதியில் பெயர்கள் இருபதாகியிருக்கும்.

போர்தோவிலும் சோலி குறையவில்லை. பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1960களில் வருடத்துக்கு 100 லீற்றருக்கு மேல் குடித்த வைன் இப்போது 40 அளவில் வந்து நிற்கிறது. 2023இல் போர்தோப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 9,500 ஹெக்டேயர் கொடியைப் பிடுங்க உதவிப்பணம் என்று திட்டம் போட்டார்கள், ஹெக்டேயருக்கு 6,000 யூரோ. வளர்த்ததற்கல்ல, வேரோடு பிடுங்கியதற்கு. எங்கள் பனைகளைப் போர்க்காலத்தில் காவலரணுக்கு வெட்டியபோது யாரும் உதவிப்பணம் பேசவில்லை. அந்த ஓட்டு வீட்டு அம்மாவின் தோட்டம் பிடுங்கப்பட்டதா என்று அத்தானிடம் கேட்டேன். தொலைபேசி எடுத்துக் கேட்டுச் சொன்னார்: மாமன் பிள்ளைகளில் ஒருவர் பங்கை விற்கிறாராம். வாங்க மற்றவர்களிடம் காசில்லையாம்.

"எங்கட ஆக்கள் மாதிரியே" என்றார் அத்தான்.

போத்தல் மட்டும் ஓய்வு பெறவில்லை. கள்ளு நின்றபின் கொஞ்சக் காலம் மண்ணெண்ணெய் என்று கேள்வி. பெரியம்மா அதை ஆணித்தரமாக மறுக்கிறார். பிறகு மீண்டும் சாம்பல், மணல், புளி, வெயில். அதன்பின் நல்லெண்ணெய். ஆனி மாதத்து நயினாதீவுத் திருவிழாவுக்குப் போக முழங்கால் விடாததால் இம்முறை என்னிடம் தந்து விட்டார். தரும்போது எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"போத்தலை அங்கை விட்டிட்டு வந்திடாதை, மோனை. உது உன்ரை அத்தான் கொண்டு வந்தது."

படகில் சிங்கள யாத்திரிகர்கள் வெள்ளை உடுப்போடு நாகதீப விகாரைக்கும் நாங்கள் நாகபூசணி அம்மனுக்குமாகக் கலந்து உட்கார்ந்தோம், எல்லாரும் ஒரே செம்மஞ்சள் மிதவை அங்கியில். குறிகட்டுவான் சின்னதாகியது. கோயில் வாசலில் எண்ணெய் சேர்க்கும் இடத்தில் நின்ற பையன் கடதாசிச் சுருளைக் கழற்றி, போத்தலைத் தகரத்துக்குள் கவிழ்த்துப் பிடித்தான். குளக் குளக் என்று இறங்கியது. நின்றது. இரண்டு தட்டுத் தட்டினான். போத்தலை வெயிலுக்குப் பிடித்து அடியைப் பார்த்தான்.

"அண்ணை, உள்ளுக்கு இன்னும் கிடக்கு. வருகுதில்லை."

குழியைச் சுற்றி வளையமாக, மஞ்சளாக, ஒரு விரற்கடை எண்ணெய். இன்னும் கொஞ்ச நேரம் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.